'செக் பண்ணுவோம்' என்று எழுதினேன், இனிமேல்தான் பண்ணப் போகிறோம் என்று பையர் (சரக்கு வாங்குபவர்) நினைத்துவிட்டார். ஆங்கிலத்தில் எதிர்காலத்தை எப்படித்தான் சொல்வது?

நூல்கண்டு:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் விஷயமாகப் பையரோடு தொடர்பில் இருப்பவர்) இருக்கிறேன். சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி, அப்புறம் பி.காம். ஆங்கிலத்தில் வருவதைப் படித்துப் புரிந்துகொள்வேன். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது மெயில் நானே எழுத வேண்டும் என்று வந்த பிறகு தினமும் ஏதாவது ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

போன மாதம் நடந்தது இது. இங்கிலாந்து பையர் ஒருவர், உங்கள் செக்கிங் முறை என்ன என்று கேட்டிருந்தார். 'பேக்கிங்குக்கு முன்னாடி ஒவ்வொரு பீஸையும் செக் பண்ணுவோம்' என்று மனதில் நினைத்துக்கொண்டு, 'வி வில் செக் எவ்ரி பீஸ் பிஃபோர் பேக்கிங்' என்று எழுதினேன். மறுநாள் காலையில் பதில் வந்தது. மகிழ்ச்சி, ஆனால் அப்படியென்றால் போன ஆர்டரைச் செக் பண்ணாமலா அனுப்பினீர்கள் என்று கேட்டிருந்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மேனேஜர் போன் போட்டு அரை மணி நேரம் பேசிச் சமாளித்தார். எங்கள் செக்கிங் டேபிளில் இருக்கும் அக்காக்கள் ஒரு நூல் பிசிறைக்கூட விடமாட்டார்கள். அவர்கள் உழைப்பை என் ஒரு வரி கெடுத்துவிட்டதே என்றுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று. துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டில் கேட்டபோது செவ்வாய்க்கிழமை துணி வந்துவிடும் என்றார்கள். நான் 'த ஃபேப்ரிக் வில் கம் ஆன் டியூஸ்டே' என்று எழுதினேன். வந்தது வியாழக்கிழமை. உறுதி கொடுத்துவிட்டு மீறிவிட்டீர்கள் என்று பையர் எழுதினார். நான் உறுதி எதுவும் கொடுக்கவில்லை, கேள்விப்பட்டதைத்தான் சொன்னேன். மூன்றாவதாக, 'வென் த ஃபேப்ரிக் வில் கம், வி வில் ஸ்டார்ட் கட்டிங்' என்று எழுதியதில் முதல் 'வில்'லை மேனேஜர் அடித்தார். ஏன் என்று கேட்டால், அப்படித்தான், பழக்கத்தில் வருவது என்கிறார்.

பள்ளியில் பன்னிரண்டு கட்டம் போட்டு டென்ஸ் சொல்லிக்கொடுத்தார்கள். எதிர்காலத்துக்கு உள்ள நான்கு கட்டத்திலும் 'வில்' அல்லது 'ஷால்'. அதை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பையர் எழுதும் மெயிலை எடுத்துப் பார்த்தால், 'ஐ ஆம் ஃப்ளையிங் டு டாக்கா நெக்ஸ்ட் வீக்', 'த வெசல் சேல்ஸ் ஆன் ஃப்ரைடே', 'வி ஆர் கோயிங் டு நீட் மோர் லேபிள்ஸ்', 'த சாம்பிள்ஸ் ஆர் ட்யூ ஆன் மண்டே'. எல்லாமே நாளைக்கு நடக்கப் போகும் விஷயம். ஒன்றுகூட அந்த நான்கு கட்டத்தில் இல்லை. எதை எங்கே போடுவது என்று யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பழைய கரும்பலகை:

வணக்கம் அம்மா. அரசுப் பள்ளியில் 31 வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு ஓய்வில் இருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு கட்டத்தை நானும் போட்டவன்தான். பரீட்சைக்கு அது உதவியது. மெயில் எழுத உதவாது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்கால வடிவம் என்று ஒன்று கிடையாது. 'செக்' என்பது 'செக்டு' ஆனால் இறந்தகாலம். அதுபோல எதிர்காலத்தைக் காட்ட அந்தச் சொல்லில் எந்த மாற்றமும் வராது. நமக்கு அப்படி இல்லை. செய்வேன், படிப்பேன் என்பவற்றில் 'வ்', 'ப்' என்று எதிர்கால இடைநிலையே உண்டு. பழைய ஆங்கிலத்தில் நாளைக்கு நடப்பதையும் நிகழ்கால வடிவத்திலேயே சொன்னார்கள். பிறகு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சொற்களைக் கடன் வாங்கி எதிர்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பழைய வேலையின் வாசனை அந்தச் சொற்களில் இன்னும் போகவில்லை.

'வில்' என்றால் முதலில் விருப்பம். நான் விரும்புகிறேன் என்பதற்கு ஜெர்மன்காரர் இன்றும் 'இஹ் வில்' என்றுதான் சொல்கிறார். ஒருவர் தன் விருப்பத்தை எழுதிவைத்துவிட்டுப் போகும் பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் 'வில்' என்று பெயர். நம் பத்திர ஆபீசில் சொல்லும் 'உயில்' அந்தச் சொல்தான். அதனால் ஒரு மனிதர் 'ஐ வில்' என்றால் அவர் மனம் அதில் இருக்கிறது, வாக்குக் கொடுக்கிறார் என்ற சாயல் தானாக வந்துவிடும். உங்கள் செவ்வாய்க்கிழமை துணி மாட்டிக்கொண்டது இங்கேதான். நீங்கள் செய்தி சொன்னீர்கள், அவர் காதில் அது வாக்காக விழுந்தது.

இப்போது உங்கள் பையர் எழுதிய வரிகளைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் டாக்கா போகிறேன். 'போவேன்' என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். டிக்கெட் போட்டாயிற்று, ஏற்பாடு முடிந்துவிட்டது, அதனால் நிகழ்காலத்திலேயே சொல்கிறோம். ஆங்கிலமும் அப்படியே, 'ஐ ஆம் ஃப்ளையிங்'. அடுத்தது, மேகத்தைப் பார்த்துவிட்டு மழை பெய்யப் போகிறது என்கிறோம். ஆங்கிலத்தில் 'இட் இஸ் கோயிங் டு ரெயின்'. கவனித்தீர்களா, மழை எங்கேயும் நடந்து போகவில்லை. ஆனால் இரண்டு மொழியும் 'போ' என்ற சொல்லையே எடுத்து எதிர்காலத்துக்கு வைத்திருக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது அல்ல, தனித்தனியாக நடந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே சந்தோஷமாக இருக்கும். கண்ணுக்கு முன்னால் அறிகுறி தெரிந்தால், அல்லது முன்பே முடிவு செய்துவிட்டிருந்தால், இந்தக் 'கோயிங் டு' சரியாக உட்காரும். லேபிள் ஸ்டாக்கை எண்ணிப் பார்த்திருக்கிறார், போதாது என்று தெரிகிறது, அதனால் 'கோயிங் டு நீட்'.

ஆகவே எழுதுவதற்கு முன்னால் அதே செய்தியை உங்கள் மேனேஜருக்குப் போனில் எப்படிச் சொல்வீர்கள் என்று யோசியுங்கள். போகிறேன் என்பீர்களா, போகப் போகிறேன் என்பீர்களா, போவேன் என்பீர்களா? பெரும்பாலும் உங்கள் காதே சரியான இடத்தைக் காட்டிவிடும்.

இந்தக் காது ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. உங்கள் செக்கிங் மெயில் அதில்தான் விழுந்தது. தமிழில் 'செய்வோம்' என்பது எதிர்காலம் மட்டும் இல்லை, வழக்கமாகச் செய்வதும் அதுதான். தாத்தா தினமும் நாலு மணிக்கு எழுந்திருப்பார். சூரியன் கிழக்கில் உதிக்கும். சின்ன வயதில் வாய்க்காலில் குளிப்போம். எதுவுமே நாளைக்கு நடப்பது இல்லை. ஆங்கிலத்தில் வழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம், 'வி செக் எவ்ரி பீஸ்'. 'த சன் வில் ரைஸ் இன் த ஈஸ்ட்' என்று எழுதிய விடைத்தாள்களை வருடாவருடம் திருத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை, தமிழில் சரியாக யோசித்தவர்கள். அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் 'வில்' சில சமயம் ஒருவருடைய சுபாவத்தைச் சொல்ல வருவதுண்டு, 'பாய்ஸ் வில் பி பாய்ஸ்' என்ற பழமொழி போல. ஆனால் முகம் தெரியாதவருக்கு எழுதும் மெயிலில் அது இனிமேல் என்றே படும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 'துணி வந்ததும் கட்டிங் ஆரம்பிப்போம்.' இந்த வாக்கியத்தில் எதிர்காலம் எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒரே இடம், கடைசியில். 'வந்ததும்' என்பது இறந்தகால அடியிலிருந்து பிறந்தது. துணி இன்னும் வரவில்லை, இருந்தாலும் 'வந்ததும்' என்கிறோம், யாருக்கும் குழப்பம் இல்லை. ஆங்கிலமும் ஒரு இடத்தில் சொன்னால் போதும் என்று விட்டுவிடுகிறது. 'வென் த ஃபேப்ரிக் கம்ஸ், வி வில் ஸ்டார்ட் கட்டிங்.' 'இஃப்', 'ஆஃப்டர்', 'அன்டில்', 'அஸ் சூன் அஸ்' எல்லாவற்றுக்கும் இதேதான். உங்கள் மேனேஜர் அடித்தது சரி.

'ஷால்' பற்றியும் ஒரு வார்த்தை. அதன் பழைய பொருள் கடன்படுதல், கடமை. 'ஐ', 'வி' வந்தால் 'ஷால்', மற்றவர்களுக்கு 'வில்' என்ற விதியை எழுதியவர்களில் முக்கியமானவர் ஜான் வாலிஸ். 1653இல் ஆங்கில இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். கணிதத்தில் முடிவிலிக்கு எட்டைப் படுக்கவைத்த மாதிரி ஒரு குறி போடுகிறோமே, அதை அறிமுகப்படுத்தியவரும் அவரே. அந்த விதியைப் பள்ளிப் புத்தகங்கள் முந்நூறு வருடம் சுமந்தன. இன்றைக்கு நீங்கள் 'வி வில்' என்று எழுதலாம், ஒரு தவறும் இல்லை.

வெசல் லிஸ்ட்:

தூத்துக்குடியில் ஷிப்பிங் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். திருப்பூர் சரக்குதான் எங்களுக்கு நிறைய. ஐயா சொன்னதில் கப்பல் பக்கம் மட்டும் சேர்க்கிறேன்.

'த வெசல் சேல்ஸ் ஆன் ஃப்ரைடே' என்பது அட்டவணை. பஸ், ரயில், கப்பல், பேங்க் திறக்கும் நேரம் எல்லாம் இப்படித்தான், யார் விருப்பத்திலும் இல்லை, தாளில் அச்சாகி இருக்கிறது. ஆனால் அட்டவணை வேறு, நடப்பது வேறு. இங்கிருந்து ஃபீடர் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாற வேண்டும். கனெக்ஷன் தப்பினால் ஒரு வாரம் போச்சு. அதனால் நாங்கள் கிளம்புவதற்கு 'இஸ் ட்யூ டு சேல்' (திட்டப்படி கிளம்ப வேண்டும்) போடுவோம், போய்ச் சேருவதற்கு 'இஸ் எக்ஸ்பெக்டட் டு அரைவ்' (வந்து சேரும் என்று எதிர்பார்க்கிறோம்) போடுவோம். 'வில் அரைவ்' என்று நான் எழுதவே மாட்டேன். கடலுக்கு நான் எப்படி வாக்குக் கொடுப்பது?

உங்கள் துணி விஷயமும் அதுதான். 'அக்கார்டிங் டு த டையிங் யூனிட், த ஃபேப்ரிக் இஸ் ட்யூ ஆன் டியூஸ்டே' என்று எழுதியிருந்தால் சொன்னது யார் என்பதும் வந்துவிடும், உங்கள் தலையும் தப்பும்.

அப்புறம் ஐயா, 'ஷால்' போய்விட்டது என்று இவர் நினைத்துவிடக் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'த சப்ளையர் ஷால்' என்று வரும் ஒவ்வொரு வரியும் கட்டாயம். எதிர்காலமே இல்லை அது. நம் அரசியலமைப்பின் முதல் பிரிவே 'இந்தியா, தட் இஸ் பாரத், ஷால் பி எ யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்' என்றுதான் ஆரம்பிக்கிறது. பிற்பாடு ஒரு நாள் ஒன்றியம் ஆகும் என்றா பொருள்? இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற விதி. ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரில் 'ஷால்' பார்த்தால் மஞ்சள் மார்க்கர் போட்டு வையுங்கள்.

லெஸ்டர் மழை:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இங்கே லெஸ்டரில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. வந்து 19 வருசம். ஐயா எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சேன், மிக நன்றி. ஆனால் அந்தப் போன் சோதனையில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கு.

வந்த புதிதில், ஆர் தேத்தண்ணி போடுறது என்று வேலையிடத்தில் கேட்டார்கள். எங்கட பேச்சில் 'நான் போடுறன்' என்றுதானே சொல்லுவோம். நானும் 'ஐ ஆம் மேக்கிங் டீ' என்றேன். அவர்கள் நான் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். பத்து நிமிசம் கழிச்சுத் தேத்தண்ணி எங்கே என்று கேட்டார்கள். அந்த இடத்தில் சொல்ல வேண்டியது 'ஐல் மேக் இட்'. 'ஐ வில்' சுருங்கினதுதான் இந்த 'ஐல்'. அந்த நிமிசத்தில் எடுக்கிற முடிவுக்கும், நான் செய்து தாறன் என்று ஒருத்தருக்குச் சொல்லுற சொல்லுக்கும் இங்கே 'வில்' தான். போன் அடிச்சால் 'ஐல் கெட் இட்'. தமிழில் ரெண்டுக்கும் நிகழ்காலம் வரும், அதனால் காது பிழையாகக் காட்டிவிடும்.

'ஷால்' இங்கே சனங்கள் பேசும்போது கேள்வியில்தான் கேட்கிறேன். ஜன்னலைச் சாத்தட்டோ என்பதற்கு 'ஷால் ஐ க்ளோஸ் த விண்டோ', வெளிக்கிடுவமா என்பதற்கு 'ஷால் வி கோ'.

இன்னொன்று, கேள்வி கேட்கும்போது. 'வில் யூ சென்ட் த ரிப்போர்ட்' என்றால் அனுப்பு என்று கேட்கிற மாதிரி. 'வில் யூ பி சென்டிங் த ரிப்போர்ட் டுடே' என்றால் உங்கட திட்டத்தை மட்டும் விசாரிக்கிற மாதிரி, நெருக்கடி இல்லை. எங்கட மேலாளர் எப்பவும் ரெண்டாவதுதான் கேட்பா. உங்களுக்குப் பையரிடம் கேட்க அது நல்லா உதவும்.

பழைய கரும்பலகை:

லெஸ்டர் அம்மா சொல்வது சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். 'நான் பார்த்துக்கிறேன்', 'நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்' என்று பொறுப்பு ஏற்கும் இடத்தில் தமிழ் நிகழ்காலம் ஆங்கிலத்தில் 'ஐ வில்' ஆகும். அங்கே அந்த விருப்பத்தின் வாசனைதான் வேண்டியிருக்கிறது. முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இதையே திருப்பிப் போட்டால் 'வோன்ட்' ('வில் நாட்' என்பதன் சுருக்கம்) புரிந்துவிடும். மோட்டார் 'ஓட மாட்டேங்குது' என்கிறோம், இரும்புக்கு ஏது மனம்? ஆங்கிலக்காரரும் 'த மோட்டார் வோன்ட் ஸ்டார்ட்' என்கிறார். 'மாட்டேன்' போலவே 'வோன்ட்' டிலும் மறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பையருக்கு 'வி வோன்ட் ஷிப் திஸ் வீக்' என்று எழுதினால் முகத்தில் அடித்தமாதிரி இருக்கும். அனுப்ப முடியாது என்பதற்கு 'வி வோன்ட் பி ஏபிள் டு ஷிப்' என்று எழுதுங்கள்.

நூல்கண்டு:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி பழைய மெயில்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் 'வில்'களில் பாதிக்கு மேல் வழக்கத்தைச் சொன்னவை. துணி பின்னால் சுருங்காமல் இருக்கப் பதப்படுத்தும் எங்கள் காம்பாக்டிங் யூனிட் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் என்பதற்குக்கூட 'வில் ரன்' என்று போட்டிருக்கிறேன். அதனால்தான் பையர் எந்த ஞாயிறு என்று கேட்டாரா! அன்றைக்கு எனக்குப் புரியவே இல்லை.

இன்று காலையில் அனுப்ப வேண்டிய மெயிலை இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.

'வி செக் எவ்ரி பீஸ் பிஃபோர் பேக்கிங். த ரிப் ஃபேப்ரிக் இஸ் ட்யூ ஃப்ரம் டையிங் ஆன் வெட்னஸ்டே. அஸ் சூன் அஸ் இட் கம்ஸ், வி வில் ஸ்டார்ட் கட்டிங். அவர் க்யூ.சி. இஸ் விசிட்டிங் த ஸ்டிச்சிங் யூனிட் டுமாரோ, அண்ட் ஐ வில் சென்ட் யூ த ஃபோட்டோஸ். பை த ட்வென்டியத், வி வில் ஹேவ் ஃபினிஷ்ட் த்ரீ தவுசண்ட் பீசஸ். ஐ டோன்ட் நோ வென் த பட்டன்ஸ் கம்.'

இருபதாம் தேதிக்குள் மூவாயிரம் பீஸ் 'முடித்திருப்போம்' என்று சொல்லத்தான் அந்த 'வில் ஹேவ்' போட்டேன். கட்டத்தில் படித்ததில் அது ஒன்றாவது உதவட்டும் என்று. கடைசி வரியில் 'வென்' வந்ததால் 'வில்' எடுத்துவிட்டேன்.

பழைய கரும்பலகை:

நன்றாக வந்திருக்கிறது. 'வில் ஹேவ் ஃபினிஷ்ட்' சரியான இடம். அது ஊகத்துக்கும் வரும், நம் 'இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்' மாதிரியே 'ஹி வில் ஹேவ் ரீச்டு பை நவ்'. ஆனால் அந்த மூவாயிரம் வாக்காகத்தான் படிக்கப்படும். உங்கள் தையல் யூனிட்டில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். நிச்சயம் இல்லையென்றால் 'வி எக்ஸ்பெக்ட் டு ஹேவ் ஃபினிஷ்ட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசி வரியில் மட்டும் 'வில்'லைத் திரும்பப் போட வேண்டும். 'பட்டன் வந்ததும்' என்று சொன்னால் 'வில்' வேண்டாம். இங்கே நீங்கள் சொல்வது 'பட்டன் எப்போது வரும் என்று தெரியவில்லை'. தமிழிலேயே 'வரும்' என்று எதிர்காலம் வந்துவிட்டது பாருங்கள். அது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு கேள்வி. 'வென் வில் த பட்டன்ஸ் கம்' என்று கேட்பதுதான் இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 'ஐ டோன்ட் நோ வென் த பட்டன்ஸ் வில் கம்'. அல்லது பையருக்குத் தெரியவில்லை என்று எழுதுவதற்குப் பதில், பட்டன் கடைக்காரரிடம் கேட்டு ஒரு தேதி வாங்கிக்கொண்டு 'ட்யூ' போட்டு எழுதிவிடுங்கள்.

நூல்கண்டு:

தையல் யூனிட்டில் கேட்டேன் ஐயா, இரண்டாயிரத்து நானூறுதான் நிச்சயம் என்றார்கள். அந்த எண்ணைப் போட்டுவிட்டேன். பட்டன் வெள்ளிக்கிழமை வருகிறதாம், 'ட்யூ ஆன் ஃப்ரைடே' என்று எழுதி இப்போதுதான் அனுப்பினேன்.